புதுச் சட்டியில் வைத்த கோழிக் குழம்பு

என் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைப் பானை இருக்கிறது. வாய் பதினோரு அங்குலம், உயரம் ஒன்பது. கழுத்தைச் சுற்றி இரண்டு கோடுகள். முப்பத்தொரு வருடங்களாக என்னிடம் இருக்கிறது. போன கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் என் மருமகள் அதை இறக்கிப் புளி போட்டு விளக்கி, பன்றி இறைச்சி வேகவைக்க அடுப்பில் ஏற்றப் போனாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து மூன்று பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"பித்தளைதானே மாமா. திருப்பி விளக்கினாப் போயிடுது," என்றாள் அவள்.

அவள் சொன்னது சரி. மோசேயின் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. விளக்கினால் சுத்தமாகும் பாத்திரங்கள் உண்டு, ஆகாதவையும் உண்டு. நான் காரணம் சொல்லவில்லை. கிழவனுக்கு வயது ஏற ஏறச் சாமான்கள் மேல் ஆசை கூடுகிறது என்று வீட்டில் ஐந்து பேரும் முடிவு செய்துகொண்டார்கள். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

அப்போது ரயில் பதுளைக்கு வந்திருக்கவில்லை. நான் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்தேன். வயது முப்பத்திரண்டு. பதுளையில் மிஷன் பள்ளியில் எட்டு வருடம் படித்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக் கோயிலில் வேதம் வாசித்து ஜெபம் நடத்துகிறவனும் நான்தான். கோயில் என்றால், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயம் ஒன்றின் கடைசி இரண்டு அறைகளை இடித்து ஒன்றாக்கியது. பதினேழு குடும்பங்கள் வரும்.

அந்த வருடம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கொழுந்து உலர்த்தும் புது இயந்திரம் ஒன்றைத் தருவித்தார். அது அப்புத்தளை ஸ்டேஷனில் நாற்பத்திரண்டு பெட்டிகளாக வந்து இறங்கியது. பெட்டிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு பெரகலையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியுடையது. அவருடைய தகப்பன் இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர். இவருக்கு இரண்டு மாட்டுவண்டிகள், பெரிய குரல், சிறிய கண்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்.

இயந்திரத்தைப் பூட்டுவதற்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நரைத்த தாடி, தலையில் எப்போதும் ஒரு சின்னத் தொப்பி. தொப்பியைப் பார்த்த நானா வண்டியிலிருந்து இறங்காமலே "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். வந்தவர் சிரித்துக்கொண்டு "ஷாலோம் அலேகெம்" என்றார். நானாவின் வாய் மூடவில்லை.

"என்னா கிளாக்கரே, சலாம் சொன்னா சலாத்தோட பெரியப்பன் மாதிரி ஒண்ணத் திருப்பிச் சொல்றாரு?"

வந்தவர் கொச்சியில் பிறந்த யூதர். மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். லயத்தில் அவருக்குக் கொச்சி பாஸ் என்று பேர் வைத்தார்கள். மரவேலை, இரும்புவேலை தேர்ந்தவர்களை இங்கே பாஸ் என்போம். நான் அதுவரை யூதர்களை வேதத்தில் மட்டுமே சந்தித்திருந்தேன். உயிரோடு ஒருவர், கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டது எனக்குப் பெரிய அதிசயம். முதல் நாள் முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எந்தா கிளாக்கரே, மோசே மாதிரி இருக்கேனோ?" என்று கேட்டார்.

அக்டோபர் மழை தொடங்குவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பது துரையின் உத்தரவு. மழை வந்தால் கொழுந்து குவிந்துவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை நடுப்பகலில் நானாவின் வண்டிகள் ஓடாது. அவர் தொழுகைக்குப் போய்விடுவார். வெள்ளி பொழுது சாய்ந்ததும் கொச்சி பாஸ் கருவிகளைத் துணியில் சுற்றி வைத்துவிடுவார். சனிக்கிழமை இருட்டும் வரை ஒரு திருகாணியைத் தொடமாட்டார், நெருப்பு மூட்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன். பெட்டிகளோடு வந்த இங்கிலீஷ் கடுதாசியைப் படித்துச் சொல்ல நான் இல்லாமல் பாஸுக்கு வேலை நடக்காது. ஆக ஏழு நாளில் நாலரை நாள்தான் வேலை. மூன்றாவது வாரம் துரை தொழிற்சாலைக்கு வந்து, தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"மூணு பேருக்கும் சாமி ஒண்ணுதானே! எல்லாம் ஒரே நாள்ல கும்புடு!" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினார்.

பக்கத்தில் நின்ற பெரிய கங்காணி கைகட்டிக்கொண்டு சொன்னார்: "எங்க முனியாண்டி எவ்வளவோ தேவலாங்க தொரை. வருசத்துக்கு ஒரு நாளு, ஒரு கெடா. அதுக்கு மேல கேக்கமாட்டாரு."

துரை போன பிறகு நாங்கள் மூவரும் சிரித்தோம். அன்றுதான் என் புத்திக்கு அந்த வேலை தோன்றியது. இலை காயவைக்கும் அறையின் பலகைக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் மூன்று பத்தி போட்டேன். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாளுக்கு ஒரு கேள்வி. மூவரும் பதில் சொல்வோம், நான் குறிப்பேன்.

கடவுள் ஒருவரா? மூவரும் ஆம். ஆபிரகாம் நம்முடைய தகப்பனா? மூவரும் ஆம்; நானா இபுராகீம் என்றார், பாஸ் அவ்ராஹாம் என்றார். பலிபீடத்தில் கிடத்தப்பட்ட மகன் யார்? பாஸும் நானும் ஈசாக்கு என்றோம், நானா இஸ்மாயில் என்றார். அதற்கு ஒன்றரை மணி நேரம் போயிற்று. இயேசு கன்னியிடம் பிறந்தவரா? நான் ஆம் என்றேன். பாஸ் தலையை அசைத்தார். நானா ஆம் என்றார்! ஈசா நபி அப்படித்தான் பிறந்தார், அவர் தாயின் பேரில் தங்கள் வேதத்தில் ஒரு அதிகாரமே இருக்கிறது என்றார். எனக்கு அது தெரியாது. சந்தோஷப்பட்டு அடுத்த நாளே சிலுவையைக் கேட்டேன். அங்கே நானா கையை விரித்துவிட்டார். அவரை ஆண்டவன் தூக்கிக்கொண்டான், சிலுவையில் சாகவிடவில்லை என்றார்.

உபவாசம் பற்றிக் கேட்டபோது பாஸ், பெரிய உபவாச நாளில் ஒரு பொழுது சாய்ந்து மறு பொழுது சாயும் வரை தண்ணீரும் குடிக்கமாட்டோம் என்றார்.

"எங்களுக்கு முப்பது நாளு. ஆனா பொழுது போனாத் திங்கலாம்," என்றார் நானா. என் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு நாப்பது நாளு. ஆனாப் பகல்லயும் திங்கலாம்!"

பாஸுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

இருபத்துநான்கு கேள்விகள் முடிந்ததும் கூட்டிப் பார்த்தேன். மூவரும் ஒத்தது பதினொன்று. பாஸும் நானும் ஒரு பக்கம், நானா தனி: நான்கு. நானாவும் நானும் ஒரு பக்கம், பாஸ் தனி: மூன்று. அவர்கள் இருவரும் ஒரு பக்கம், நான் தனி: ஆறு. விருத்தசேதனம் என்னும் சுன்னத்து, பன்றி, தலையை மூடித் தொழுவது, கடவுளுக்குக் குமாரன் உண்டா என்பது, இப்படி ஆறு. அந்த ஆறு எனக்குப் பிடிக்கவில்லை. யூதருடைய வேதம் முழுவதையும் முப்பத்தொன்பது ஆகமங்களாக நாங்கள் அட்டைக்குள் வைத்திருக்கிறோம். நானா அதில் ஒரு பக்கம் படித்தவரில்லை. அப்படியிருக்க, பாஸோடு எனக்கு நான்குதான், அவருக்கு எப்படி ஆறு?

எழுதாத ஏழாவது ஒன்றும் இருந்தது. சாப்பாடு. பாஸ் தன் ஈயம் பூசிய பித்தளைப் பானையில் தானே சமைப்பார். நானாவின் கடையில் அறுத்த இறைச்சியைக்கூடப் பாஸ் வாங்கமாட்டார். தானே தன் கத்தியால் கோழி அறுப்பார்; அறுப்பதற்கு முன் கத்தியின் விளிம்பை நகத்தில் வைத்து இழுத்து, பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பார். பாஸ் சமைத்ததை நானா வாங்கிச் சாப்பிடுவார்.

"எங்க மார்க்கத்துல வேதம் கெடச்சவங்க அறுத்தது ஆகும், கிளாக்கரே," என்று விளக்கினார்.

"நானும் வேதக்காரன்தானே நானா? அப்ப நான் அறுத்தா?"

"நீங்க எங்க அறுக்குறீங்க? கழுத்தத் திருகுறீங்க!"

இரண்டு பேரும் இயந்திரத்தின் அடிப்பலகையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் நான்கு கஜம் தள்ளி என் சோற்று டப்பாவைத் திறப்பேன். யாரும் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. ஆனால் என் வீட்டுச் சட்டியில் என்னென்ன வெந்திருக்கிறது என்று நானாவுக்குத் தெரியும். முந்தின கிறிஸ்மஸுக்குப் பெரிய கங்காணி காட்டுப்பன்றி சுட்டு எனக்கு ஒரு பங்கு அனுப்பியிருந்தார். அன்று மாவு மூட்டை இறக்க வந்த நானா, கொல்லையில் அந்தச் சட்டியைப் பார்த்துச் சால்வை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மூன்று விரல் அகலத்துக்கு விளிம்பு உடைந்த மண்சட்டி. கழுத்தில் நான் கம்பி கட்டியிருந்தேன்.

"இந்தச் சட்டிக்கு நல்லா அடையாளம் வச்சுக்கிறேன். இது இருக்குற பக்கம் தல வச்சுப் படுக்கமாட்டேன்," என்று சொல்லிச் சிரிக்க வைத்தார்.

செப்டம்பரில் ஒரு நாள் வண்டி தாமதமானதற்கு நானா "அல்லா மேல ஆணையா, மாடு படுத்துருச்சு" என்றார். நான் அதற்காகவே காத்திருந்தவன் போல எழுந்தேன். எங்கள் ஆண்டவர் சத்தியம் செய்வதையே தடுத்துவிட்டார், எங்களுக்கு ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். பாஸ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"அது பெரிய கட்டளை, கேட்டோ. எங்க ஆளுக வாயில நாமம் வரக்கூடாதுன்னு பயந்து பயந்து சத்தியம் செய்வோம். சத்தியமே வேண்டாம்னா, மனுசன் வாய் முழுக்கச் சுத்தமா இருக்கணும் அல்லே?"

"இருக்கணும்," என்றேன்.

அந்த 'ஆம் என்றால் ஆம்' என்பதைக் கதவில் என் பத்தியில் தனியாக எழுதிவைத்தேன். அவர்கள் இருவருக்கும் இல்லாதது எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் அவர்களை வீட்டுக்கு அழைத்தேன். புதுச் சட்டி வாங்குகிறேன், புது அகப்பை, வாழை இலை, பாஸே வந்து கோழி அறுக்கட்டும், அவருடைய பானையிலேயே சோறு ஆகட்டும் என்றேன். பாஸ் நெடுநேரம் யோசித்தார். கொச்சியை விட்டுப் புறப்பட்டுப் பதினாறு வருடத்தில் வேறு ஆள் பாத்திரத்தில் சாப்பிட்டதில்லை என்றார். பிறகு சரி என்றார்.

கொஸ்லந்தைக் கடையில் சட்டி வாங்கிச் சுமந்துகொண்டு வந்தேன். இரண்டேகால் மைல். புதுச் சட்டியைச் சோற்றுக் கஞ்சி ஊற்றி நாலைந்து நாள் பழக்க வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். ஞாயிறுக்கு இரண்டே நாள் இருந்தது. நான் கேட்கவில்லை. ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வந்தேன்; பாஸ் முன்வாசலில் கோழி அறுத்துக் கொடுத்துவிட்டு நானாவோடு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் எண்ணெய் காய்ந்ததும் சட்டி படார் என்று அடியில் பிளந்தது. எண்ணெய் நெருப்பில் இறங்கிப் பற்றிக்கொண்டது.

மனைவி என்னைப் பார்த்தாள். "போய்ச் சொல்லிடுங்க. அவரு பானையிலயே கொழம்பும் வச்சிடுவோம். சோறு கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதானே."

அவ்வளவுதான். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஆனால் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய், ஒரு சட்டியைக்கூடப் பழக்கத் தெரியாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூலையில் பழைய சட்டி இருந்தது. சாம்பலும் புளியும் போட்டு நானே ஏழு தடவை தேய்த்தேன். யோர்தானில் ஏழு முறை முழுகிக் குஷ்டம் நீங்கியவனுடைய கதையை அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. எல்லாப் பிராணிகளும் சுத்தம் என்று பேதுருவுக்குக் காட்டப்பட்டதையும் நினைத்துக்கொண்டேன். தேவைப்படும்போது வசனங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. மனைவி குழம்பை வைத்தாள்.

இலை போட்டோம். அடுக்களைக் கதவைச் சாத்தி வைத்தேன். பாஸ் கை கழுவிக்கொண்டு வந்து இலை முன் உட்கார்ந்தார். குழம்பின் மேல் கை வைப்பதற்கு முன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. ஒரு பழக்கம், அவ்வளவே.

"புதுச் சட்டிதானே, கிளாக்கரே?"

"ஆம்," என்றேன்.

மூன்று ஜெபங்கள் நடந்தன. நானாவுடையது ஒரு மூச்சில் முடிந்தது. பாஸுடையது அதைவிடச் சற்று நீளம். என்னுடையது இரண்டையும் சேர்த்ததைப் போல நான்கு மடங்கு. பாஸ் இரண்டு முறை குழம்பு வாங்கினார். மனைவி பழக்கத்தில் மோர் கொண்டுவந்தபோது மட்டும் "வேண்டா, கறியோட பால் கூடாது" என்று கையால் இலையை மறைத்தார். "இன்னும் ஒண்ணு! கதவுல எழுதுங்க கிளாக்கரே!" என்றார் நானா.

சாப்பிட்டு முடித்து நானா கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார். அவர் முன்வாசலில் கழுவுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சட்டி துவைகல் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. நான் எழுந்து பின்னால் ஓடினேன். ஒன்பது தப்படி. கதவருகில் போய்ச் சேர்ந்தபோது நானா அந்தச் சட்டியைக் கையில் எடுத்து, உடைந்த விளிம்பில் மூன்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தை விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

முன்வாசலிலிருந்து பாஸும் வந்துகொண்டிருந்தார். அவர் காலடிச் சத்தம் கேட்டதும் நானா இரண்டு கையாலும் சட்டியை ஓங்கித் துவைகல்லின் மேல் விட்டார்.

"எந்தா, எந்தா ஆச்சு?"

"கை வழுக்கிருச்சு பாஸ். எண்ணெய்க் கை. கிளாக்கரோட புதுச் சட்டிய ஒடச்சுப்புட்டேன்."

'புது' என்ற சொல்லை அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு குனிந்து ஓட்டாஞ்சல்லிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பெரியவை ஏழு, சிறியவை எண்ணவில்லை. கம்பியோடு இருந்த கழுத்துத் துண்டை முதலில் எடுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பள்ளத்தில் எறிந்தார். பாஸ் என் தோளில் கை வைத்து, "போகட்டும், மண்சட்டிதானே. இதுக்கு முகம் இப்படிக் கருக்கணுமோ?" என்று தேற்றினார்.

அன்று சாயங்காலம் ஆகமத்தை எடுத்துப் பார்த்தேன். அசுத்தமானது பட்டால், உலோகப் பாத்திரத்தை விளக்கிக் கழுவலாம். மண்பாத்திரத்தை உடைத்துவிட வேண்டும். என்னுடைய முப்பத்தொன்பதில் மூன்றாவதில் அது இருந்தது. நான் பள்ளியில் பரிசு வாங்கிய பாடம். அதில் ஒரு பக்கம்கூடப் படிக்காத நானாவின் கைக்கு அது தெரிந்திருந்தது.

மறுநாள் காலை நானா வண்டியோடு ரோட்டு வளைவில் நின்றார். நான் போனேன்.

"பாருங்க கிளாக்கரே. நானும் தெரியாமத் தின்னேன், அவரும் தெரியாமத் தின்னாரு. அதுல எங்களுக்குக் குத்தமில்ல. எம்பங்க நான் மன்னிச்சுட்டேன். அவரு பங்கு அவருகிட்ட இருக்கு. அத நான் குடுக்க முடியாது. ஆண்டவனும் குடுக்க மாட்டான். நீங்கதான் கேட்டு வாங்கணும்."

"நீங்க அவருகிட்டச் சொல்லிடுவீங்களா நானா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? நான் சொன்னா உங்க ஆமாம் போயிருமே." மாட்டைத் தட்டினார். "வேல முடிய இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு. கேட்டுருங்க."

பன்னிரண்டு நாளையும் நான் எண்ணினேன். முதல் நாள் பாஸ் வேலையாக இருந்தார். இரண்டாம் நாள் துரை கூட இருந்தார். மூன்றாம் நாள் எனக்குத் தலைவலி. இப்படி ஒவ்வொரு நாளுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. ஆறாம் நாள் சனிக்கிழமை. பாஸ் ஓடைக்கரைப் பாறையில் தனியாக ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். யாரும் இல்லை. இன்று சொல்லிவிடுவது என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் புத்தகத்தை மூடினார். "நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன்," என்றார். "புதன்கிழமை எங்க பெரிய உபவாசம். அதுக்கு முன்னாடி நாங்க வீடு வீடாப் போய் மன்னிப்புக் கேட்போம். தெய்வத்துக்குச் செய்த பிழையைத் தெய்வம் அன்னைக்கு மன்னிக்கும். மனுசனுக்குச் செய்த பிழையை அந்த மனுசன் மன்னிக்காம தெய்வம் தொடாது. இங்க எனக்கு நம்ம ஆளுக யாரும் இல்லை. நீங்களும் நானாவும்தான்."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு உங்க வீட்டுல, இலைக்கு முன்னாடி, புதுச் சட்டிதானேன்னு ஞான் கேட்டேன். உங்க வேதத்துல ஆம் என்றால் ஆம்னு நீங்க முன்னாடியே சொல்லியிருந்தீங்க. அதைத் தெரிஞ்சும் கேட்டேன். சாப்பாடு போடுறவனைச் சந்தேகப்பட்டுட்டேன். அது எனக்குக் கனமா இருக்கு. மன்னிக்கணும், கிளாக்கரே."

காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவன், தன் சகோதரனுக்குத் தன் மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று எங்கள் ஆண்டவரும் சொல்லியிருக்கிறார். நான் ஞாயிறுதோறும் வாசிப்பது. நானா ரோட்டில் சொன்னதும் பாஸ் பாறையில் சொன்னதும் அதேதான். இருபத்துநான்கு கேள்விகள் கேட்ட எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் மூவரும் ஒத்தது பன்னிரண்டு என்று எழுதியிருப்பேன்.

பாஸ் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"மன்னித்தேன்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய உள்ளங்கை முழுக்கத் தழும்புகள்.

பன்னிரண்டாம் நாள் இயந்திரம் ஓடியது. பதினான்காம் நாள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நானாவின் வண்டியில் மூவரும் அப்புத்தளைக்குப் போனோம். ரயில் வந்ததும் பாஸ் தன் மூட்டையிலிருந்து அந்தப் பித்தளைப் பானையை எடுத்து என் கையில் கொடுத்தார். கொழும்பில் தனக்கு வேறு இருக்கிறது என்றார். இந்தப் பக்கத்துக்குத் தங்கள் ஆள் யாராவது வேலைக்கு வந்தால் இதில் சமைத்துக் கொடுக்கும்படி சொன்னார். இந்த மலையில் நம்பிச் சாப்பிட ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லி அனுப்புவேன் என்றார். ரயில் புறப்பட நான்கு நிமிடம் இருந்தது. நான்கு நிமிடம் போதும். நான் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரயில் போன பிறகு நானா கேட்டார். "கேட்டுட்டீங்களா?"

"ஆம்," என்றேன்.

அது இரண்டாவது. நானா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அல்ஹம்துலில்லா. அப்ப அந்தப் பானையில ஆக்குங்க. நான் வந்து சாப்புடுறேன்," என்றார். வந்தார். அவர் சாகும் வரை வருடத்துக்கு இரண்டு முறை, எங்கள் பண்டிகைக்கு ஒன்று, அவர்கள் பெருநாளுக்கு மறுநாள் ஒன்று. கோழியை அவரே அறுத்துக்கொண்டு வருவார். மொத்தம் முப்பத்தாறு சாப்பாடு. கொச்சிக்காரர் யாரும் வரவில்லை. பாஸுக்கு நான்கு கடிதம் எழுதினேன். கொழும்பு விலாசம் துரையின் ஆபீசில் இருந்தது. நான்கையும் கிழித்தேன்.

இப்போது பதுளையில் மகன் வீட்டில் இருக்கிறேன். நானாவின் மகன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறான். எங்கள் வாசலிலிருந்து முந்நூற்று நாற்பது தப்படி. கிறிஸ்மஸ் கழிந்த வாரம், மருமகள் இன்னும் என்னோடு பேசாமல் இருந்த நாளில், ஒரு துண்டு வாங்கப் போனேன். கடையில் இரண்டு பேர் நின்றார்கள். நானாவின் மகன் என்னைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைப் போட்டான்.

"வாங்க பெரியவரே, உக்காருங்க." நின்றவர்களிடம் திரும்பி, "இவரு எங்க வாப்பாவோட கூட்டாளி. வாப்பா சொல்லுவாரு, சத்தியம் பண்ணாத மனுசரு, இவரு ஆமாம்னா அது ஆமாம்தான்னு," என்றான். "அப்புடித்தானே பெரியவரே?"

நானா அதை நம்பித்தான் மகனிடம் சொன்னாரா, அல்லது அன்று சட்டியை உடைத்ததைப் போல இதையும் என் பொய்யை மறைக்கத்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியவும் வழியில்லை. மூன்றாவது ஆம் நாக்கு நுனியில் வந்து நின்றது. பழகிய வழி.

"இல்லை தம்பி," என்றேன்.

அவன் அடக்கம் என்று நினைத்துச் சிரித்தான். நின்ற இரண்டு பேரும் துணி வாங்கிக்கொண்டு போகும் வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். உடைந்த விளிம்பிலிருந்து தொடங்கி, ஏழு தடவை தேய்த்தது, ஓடைப் பாறை, நான்கு நிமிடம், அவன் தகப்பன் என்னை நம்பிச் சாப்பிட்ட முப்பத்தாறு சாப்பாடு, எல்லாம். நடுவில் வந்த ஒருவரை அவன் கையசைத்து அனுப்பிவிட்டான். முடித்துவிட்டு, ஸ்டேஷனில் அவரிடம் சொன்ன பொய்க்கு வாப்பாவின் பங்கை நீ மன்னிக்க முடியுமா என்று கேட்டேன்.

அவன் மடித்த துணியை மறுபடி மடித்தான். அவனுக்கும் அவருடைய சிறிய கண்கள்தான்.

"அது வாப்பாவோட பங்கு பெரியவரே. அத நான் குடுக்க ஏலாது," என்றான்.

அதைத்தான் அவன் தகப்பனும் சொல்லியிருப்பார். எழுந்தேன். அவன் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, எதிர்க்கடையிலிருந்து தேத்தண்ணி வரவழைத்து, தன் கையாலேயே என் முன் வைத்தான்.

"சீனி போதுமா?" என்று கேட்டான்.

ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.